கடைசிக் கண்ணியை எண்ணுங்கள்!

தியானப் பகுதி: சங்கீதம் 90:12, யாத்திராகமம் 26:1-6, லூக்கா 15:1-10



  

இம்மாதம் ஒரு சின்னக் காரியத்தைக் குறித்து எழுதும்படி ஆவியானவர் உணர்த்தினார். அது குரோஷா பின்னலின் ஓரம். "என்ன பாஸ்டர், கொக்கி ஊசியில என்ன பிரசங்கம் இருக்கு?" என்று நம் சகோதரர்கள் கேட்கலாம். எரேமியாவைக் குயவன் வீட்டுக்கு அனுப்பிப் பேசின தேவன், ஆமோசுக்குக் கொத்தனின் தூக்குநூலைக் காட்டிப் பேசின தேவன், இன்று செண்பகத்தோப்பில் நமக்குக் கொக்கி ஊசியைக் காட்டிப் பேசக்கூடாதா?

இது அற்பமான கைவேலையும் அல்ல. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? அதே குறியீடு ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா பின்னலுக்கு 2024-ல் கிடைத்தது. கோதாவரிக் கரையில் ஏழை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாயும் மகளும் பின்னின பின்னலைத் தேசமே திரும்பிப் பார்த்தது.

நம் சபைச் சகோதரிகள் சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் கர்த்தருடைய பந்தி மேசைக்கு ஒரு விரிப்பு பின்ன ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் 120 கண்ணி. ஒரு வாலிபச் சகோதரி மிகுந்த வாஞ்சையோடு பின்னிக்கொண்டு போனார்கள். நாற்பது வரிசை முடிந்து விரித்துப் பார்த்தால், கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருந்தது. அவர்களுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அக்கா, நடுவுல ஒரு தப்பும் இல்லையே. எல்லாம் நேரா, நெருக்கமா விழுந்திருக்கு. பிறகு ஏன் இப்படி ஒடுங்குது?"

வயதான ஒரு தாயார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "நடுவுல தேடாத தாயி. ஓரத்தைப் பாரு. திரும்புற இடத்துல ஒவ்வொண்ணா விட்டுட்டே வந்திருக்க."

எண்ணிப் பார்த்தார்கள். 120 இருந்த இடத்தில் 80 இருந்தது. நாற்பது வரிசையில் நாற்பது கண்ணி காணோம்!

பிரியமானவர்களே, இது எப்படி நடக்கிறது என்று பின்னத் தெரியாதவர்களுக்கும் விளங்கச் சொல்லுகிறேன். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போடுகிற உயரமான பின்னலை 'டபுள்' என்பார்கள். அது வரிசையில் ஒரு தூண் மாதிரி நிற்கும். ஒரு வரிசை முடிந்ததும் வேலையைத் திருப்பி, அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஏறுவதற்காக மூன்று செயின் போடுவார்கள். அந்த மூன்று செயின்தான் புது வரிசையின் முதல் தூண். ஆனால் பார்வைக்கு அது தூணாகத் தெரியாது. மெலிந்து, ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அந்த முனைக்கு வரும்போது, அந்த மூன்றாவது செயினின் தலையில் ஊசியை விட்டுக் கடைசித் தூணைப் போடவேண்டும். புதிதாய்ப் பழகுகிறவர்கள் அதைக் கண்ணியாகவே எண்ணாமல் திரும்பிவிடுவார்கள். வரிசைக்கு ஒன்று போகும். சிலருக்கு இதற்கு எதிரானது நடக்கும். மூன்று செயினையும் ஒரு தூணாக வைத்துக்கொண்டு, அதன் அடியிலேயே இன்னொன்றும் போட்டுவிடுவார்கள். அப்பொழுது வரிசைக்கு ஒன்று கூடி, விரிப்பு விசிறி மாதிரி விரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஓரத்தை எண்ணவில்லை.

இதிலிருந்து கர்த்தர் நமக்குக் கற்றுத்தருகிற மூன்று சத்தியங்களைப் பார்ப்போம்.

முதலாவது: குறைவு திரும்புகிற இடத்தில் வருகிறது

மோசே தன் ஜெபத்தில் தேவனிடம் கேட்டது எதை? நீண்ட ஆயுசையா? பொன்னையா? நாட்களை எண்ணுகிற அறிவைக் கேட்டார் (சங். 90:12). நூற்றுக்கணக்கான நாட்களை மொத்தமாய்க் கணக்குப் போட நமக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்குகிற அந்த முனையை எத்தனை பேர் எண்ணுகிறோம்?

விசுவாசிகள் பின்வாங்கிப்போகிறதை நான் கவனித்திருக்கிறேன். அநேகமாய் ஒருவரும் நட்டநடுவில், ஆராதனை நடக்கும்போதே விழுந்துபோகிறதில்லை. பாட்டு நேரத்தில் கை உயர்ந்திருக்கிறது, பிரசங்கத்துக்கு 'ஆமென்' வருகிறது. நடுப்பகுதி நேராகத்தான் இருக்கிறது. விழுகிற இடம் திருப்பம். மகள் கல்யாணமாகி வேற்றூருக்குப் போகிறாள். புது வீட்டில் முதல் வாரம் ஜெபம் விட்டுப்போகிறது. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். முதல் ஞாயிற்றுக்கிழமை, "இடம் பழகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறான். அந்த ஒரு வாரம் ஒரு கண்ணி. ஒரு கண்ணி போனது யாருக்கும் தெரியாது. நாற்பது வாரம் கழித்து அம்மா வந்து பார்த்து, "என் பிள்ளை இப்படி ஒடுங்கிப்போனானே" என்று அழுகிறார்கள்.

ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கப்பட்ட ஊர் நம் பக்கத்து ஊர். அன்றிலிருந்து ஷிப்ட் கணக்கில் வாழப் பழகின குடும்பங்கள் நம்மிடையே அநேகம். பகல் ஷிப்டிலிருந்து ராத்திரி ஷிப்டுக்கு மாறுகிற வாரம் சாப்பாடு மாறும், தூக்கம் மாறும். முதலாவது பலியாகிறது எது? குடும்ப ஜெபம்தானே! ஆகையால் ஷிப்ட் மாறுகிற அன்றைக்கே, "இனி எத்தனை மணிக்கு ஜெபம்?" என்று வீட்டில் பேசி முடிவுபண்ணுங்கள். திரும்புகிற இடத்தில் முதல் கண்ணியைப் போட்டுவிட்டால், மற்றவை அதன் மேல் வரும்.

இரண்டாவது: தூணாகத் தெரியாத தூணையும் எண்ணவேண்டும்

தேவபிள்ளைகளே, இந்த இடத்தில் என் இருதயம் பாரப்படுகிறது. கவனமாய் வாசியுங்கள்.

திரும்பும் செயின் மற்றத் தூண்களைப்போல் தடிப்பாய் இராது. அதனாலேயே விடப்படுகிறது. சபையிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆராதனை ஆரம்பித்த பிறகு வந்து, கதவோரம் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபம் முடியுமுன் போய்விடுகிற தாயார். புருஷனுக்குப் பயந்து மாதத்துக்கு ஒருமுறை ஒளிந்து வருகிற சகோதரி. மலையடிவாரத் தோப்பில் காவல் இருக்கிற சகோதரன். ராத்திரி யானை வந்து தென்னையைச் சாய்த்துவிடும் என்று முழுராத்திரி ஜெபத்துக்கு அவரால் வரமுடிகிறதில்லை. இவர்கள் பாடுகிறதில்லை, சாட்சி சொல்லுகிறதில்லை, பொறுப்புகளில் இல்லை. "நம்ம சபையில எத்தனை குடும்பம்?" என்று கேட்டால் விரல் மடக்கி எண்ணும்போது இவர்கள் விடுபட்டுப்போகிறார்கள்.

அமலேக்கியன் எங்கே அடித்தான் என்று உபாகமம் 25:17,18-ல் வாசித்துப் பாருங்கள். யோசுவா நிற்கிற முன்வரிசையில் அல்ல. இளைத்துக் களைத்துப் பின்னாலே தள்ளாடி வந்தவர்களை அடித்தான். சத்துருவுக்குச் சபையின் ஓரம் தெரியும்! அதனால்தான் தேவன் பாளயம் புறப்படும்போது தாண் கோத்திரத்தை எல்லாருக்கும் பின்னே வரும்படி வைத்தார் (எண். 10:25). தம்முடைய ஜனத்துக்குப் பின்னாலே தாமே காவலாய் வருவதாகவும் ஏசாயா 52:12-ல் வாக்களிக்கிறார். முன்னே நடத்துகிற தேவன் பின்னேயும் எண்ணிக்கொண்டு வருகிறார். ஸ்தோத்திரம்!

லூக்கா 15-ஆம் அதிகாரத்து மேய்ப்பன் காணாமற்போன ஆட்டைத் தேடிப் போனான் என்று அநேகர் பிரசங்கிக்கிறோம். தேடிப் போவதற்கு முன்னே அவன் செய்தது என்ன? எண்ணினான்! எண்ணாத மேய்ப்பனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறாகத்தான் தெரியும். காசைத் தொலைத்த ஸ்திரீயும் பத்தை எண்ணினபடியால்தான் விளக்கைக் கொளுத்தினாள். தேடுகிற அன்பு எண்ணுகிற அன்பாக இருக்கவேண்டும்.

சமுதாயமே எண்ணாமல் விட்டவர்களை எண்ணின ஒரு சரித்திரம் நம் தென்தமிழ்நாட்டிலேயே உண்டு. 1819-ல் சார்ல்ஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற லண்டன் மிஷனெரி தம்பதிகள் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மனிதரை அடிமைகளாய் விற்கவும் வாங்கவும் செய்தார்கள். அடிமைத்தனம் 1855-ல்தான் ஒழிக்கப்பட்டது. மால்ட் அம்மையார் ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் சொல்லிக்கொடுத்து, லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார்கள். அது கொக்கி ஊசி வேலை அல்ல. ஒரு தலையணை மேல் மாதிரி வரைந்ததை வைத்து, சின்னக் கட்டைகளில் சுற்றின நூல்களை முறுக்கிப் பின்னி, குண்டூசியால் நிறுத்துகிற வேலை. ஓரத்தில் குண்டூசி சரியான இடத்தில் நின்றால்தான் அந்த லேஸ் நேராக வரும். அப்படிப் பின்னி விற்ற பணத்தில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள்! அந்த அம்மையாரின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியிலும் பெண்களுக்கு லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அன்றைக்கு அந்தப் பெண்கள் யாருடைய கணக்கிலும் மனிதராய் இல்லை. எஜமானுடைய சொத்துக் கணக்கில்தான் இருந்தார்கள். கர்த்தருடைய கணக்கில் அவர்கள் முதல் கண்ணியாய் இருந்தார்கள். நம் சபையில் கதவோரம் இருக்கிறவர்களை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்?

மூன்றாவது: ஓரம் நேராய் இருந்தால்தான் இணைக்கப்பட முடியும்

ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பத்து மூடுதிரைகள். ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஐந்து ஐந்தாகச் சேர்த்து, ஓரத்தில் இளநீல நூலால் ஐம்பது காதுகள் வைத்து, எதிர் ஓரத்தில் அவற்றுக்கு நேராக ஐம்பது காதுகள் வைத்து, ஐம்பது பொன் கொக்கிகளால் மாட்டவேண்டும் என்று தேவன் மோசேக்குக் கட்டளை கொடுத்தார். ஒரு பக்கம் ஒடுங்கி நாற்பத்தொன்பதாய்ப் போயிருந்தால் ஐம்பதாவது கொக்கி எதில் மாட்டும்? தேவமகிமை இறங்குகிற இடம் ஓரத்தின் கணக்கினால் ஒன்றாய் நின்றது.

நம்முடைய காலத்திலும் ஒரு சாட்சி உண்டு. 2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் அளவுள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! பல ஊர்களில் இருந்த பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்தது அது. ஒரு துண்டு கோணினாலும் பக்கத்துத் துண்டை இழுக்கும்.

நம்முடைய செண்பகத்தோப்பு மரங்களைப் பாருங்கள். அந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்டது. 2021-ல் புலிகள் காப்பகத்தோடு சேர்க்கப்பட்டது. அந்த அணில் தரைக்கு இறங்க விரும்பாது. ஒரு மரத்தின் கிளை ஓரமும் அடுத்த மரத்தின் கிளை ஓரமும் தொடுகிற இடத்தில்தான் அது தாவிப் போகும். நடுவில் ஒரு மரம் விழுந்து இடைவெளி வந்தால், அது தரையில் இறங்கி ஆபத்துக்கு உள்ளாகிறது. சபையிலே ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே இப்படி இடைவெளி விழுந்திருக்கிறதா? வரப்புச் சண்டையிலே, சீட்டுப் பணத்திலே பேச்சை நிறுத்தினவர்கள் உண்டா? அந்த இடைவெளியில் விழப்போகிறது உங்கள் பிள்ளைகள்!

அப்படியானால் கோணிப்போன ஓரத்தை என்ன செய்வது?

சிலர் இழுத்துப் பார்ப்பார்கள். நனைத்து, குண்டூசி குத்தி, காயவைப்பார்கள். சின்ன நெளிவுக்கு அது உதவும்; விடுபட்ட கண்ணியை அது கொண்டுவராது. சிலர் சுற்றிலும் அழகான கரை போட்டு மறைப்பார்கள். கரை போடுவது நல்லதுதான். ஆனாலும் கோணலின் மேல் கரை போட்டால் கரையும் கோணலாய்த்தான் நிற்கும். பரிசேயர் தங்கள் வஸ்திரத் தொங்கல்களைப் பெரிதாக்கினதை ஆண்டவர் மத்தேயு 23:5-ல் கண்டித்தார். தேவனுடைய கற்பனைகளை நினைக்கும்படிதான் அந்தத் தொங்கல் எண்ணாகமம் 15-ல் கொடுக்கப்பட்டது. நினைப்பு போய்விட்டது, அலங்காரம் மிஞ்சிவிட்டது.

நம் சத்திரப்பட்டியில் மருத்துவமனைக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். காஸ் துணியை மடிக்கும்போது வெட்டின ஓரம் உள்ளே போகும்படி மடிக்கவேண்டும். வெளியே நின்றால் அதிலிருந்து பிரிகிற நூல் புண்ணுக்குள் விழுந்துவிடும். குணமாக்க வந்த துணியே காயத்தை ரணமாக்கும். நம்முடைய சபைக்குக் காயத்தோடு வருகிற ஒருவரை, நம்முடைய பிரிந்துபோன ஓரங்கள் குத்தக்கூடாது. "ஏன் இத்தனை நாள் வரல?" என்று வாசலிலேயே கேட்கிற கேள்வியும் அப்படிப்பட்ட ஒரு நூல்தான்.

உண்மையான வழி ஒன்று உண்டு: பிரித்துவிட்டு மறுபடி பின்னுவது. குரோஷாவில் ஒரு கிருபை என்னவென்றால், எந்த நேரத்திலும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அந்த நூலைப் பிடித்து இழுத்தால், தவறின வரிசைமட்டும் மளமளவென்று பிரிந்துவரும். கத்தரிக்கோல் வேண்டாம். நம் வாலிபச் சகோதரியும் அப்படியே செய்தார்கள். நாற்பது வரிசையையும் பிரித்தார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நூல் ஒரு சாண்கூட வீணாகவில்லை. அதே நூலில், முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சிவப்பு நூல் துண்டு ஒன்றை அடையாளமாகக் கட்டிக்கொண்டு, வரிசை முடிகிறபோதெல்லாம் 120 எண்ணிவிட்டுத்தான் திரும்பினார்கள். அந்த விரிப்புதான் இப்போது பந்தி மேசையில் நான்கு மூலையும் நேராக விழுந்து கிடக்கிறது.

மனந்திரும்புதல் என்றால் இதுதான், பிரியமானவர்களே. தேவன் உங்களை வெட்டி எறிகிறவர் அல்ல. எந்தத் திருப்பத்தில் விட்டீர்களோ அந்தத் திருப்பம்மட்டும் உங்களைத் திரும்பக் கொண்டுபோய், அதே நூலால், அதே ஜீவியத்தால், மறுபடியும் பின்னுகிறவர். "பத்து வருஷம் வீணாப் போச்சே பாஸ்டர்" என்று சொல்லுகிற சகோதரனே, நூல் அவர் கையில் இருக்கிறது!

இன்னும் ஒன்று. திரும்பும் செயினை இறுக்கிப் போட்டால் ஓரம் உள்ளே சுருங்கும். தளர்த்திப் போட்டால் வெளியே பிதுங்கும். திரும்பி வருகிற ஆத்துமாவை இறுக்கிப் பிடித்து நியாயந்தீர்க்கவும் வேண்டாம்; போகிறபடி போகட்டும் என்று தளர விடவும் வேண்டாம். நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்தின் ஓரமாக வந்து, அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள். அத்தனை பேர் நெருக்கிக்கொண்டிருந்தும், ஓரத்தைத் தொட்ட அந்த ஒரு விரலை அவர் எண்ணினார். நின்றார். மகளே என்று அழைத்தார். அவளைக் கண்டிக்கவும் இல்லை; யாரென்று அறியாமல் போகவிடவும் இல்லை.

ஆகையால் இம்மாதம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். எழும்பும்போதும் படுக்கும்போதும் ஐந்து நிமிஷமாவது முழங்காலில் நில்லுங்கள். அது உங்கள் நாளின் இரண்டு ஓரம். வீட்டில் ஏதாவது மாற்றம் வந்தால், அந்த வாரமே சபைக்குச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பாமல், கதவோரம் உட்கார்ந்திருந்தவர் யார், இன்றைக்கு வராதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். வராதவர் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போங்கள். "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். "உங்க இடம் காலியா இருந்துச்சு, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்லுங்கள். அது போதும்.

ஜெபிப்போமா?

எங்கள் நாட்களையும் எங்கள் தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கிற பிதாவே, நாங்கள் திரும்பின இடங்களில் தவறவிட்டவைகளை எங்களுக்குக் காட்டும். பிரிக்கவேண்டியதைப் பிரிக்கப் பெலன் தாரும். எங்கள் சபையின் ஓரத்தில் இருக்கிற ஒருவரும் எண்ணப்படாமல் போகாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். உம்முடைய வருகையின் நாளில் நீர் எங்களை எண்ணும்போது ஒருவரும் குறையாமல் காணப்பட உதவிசெய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்